எண்ணும் இசையும்

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, கோயில் வீதியில் வைத்து எங்கள் அயலவர் ஒருவர் என்னை மறித்தார். அவர் சங்கக்கடை முகாமையாளராகப் பணியாற்றி இளைப்பாறியவர். வீண்செலவு என்ற சொல்லைக் கேட்டாலே முகஞ் சுளிப்பவர்.

"மாஸ்ரர், ஒரு விசயம் கேக்கவேணும். என்ரை கடைசிப் பெடியன் 'டக்' வேணும், 'டக்' வேணும் எண்டு பத்து நாளாய் ஒற்றைக் காலிலை நிக்கிறான். என்னடா அது எண்டால், பாட்டு வடிவாய்க் கேக்கிற பெட்டியாம். வீட்டிலை றேடியோ இருக்கு, ரீவி இருக்கு, அவனிட்டைப் போன் இருக்கு. இன்னுமொரு பெட்டி என்னத்துக்கு? நீங்கள் பௌதிகம் படிப்பிக்கிறனீங்கள், சொல்லுங்கோ" என்றார்.

விலையைக் கேட்டேன். சொன்னார். அஃது ஓர் ஆசிரியரின் மாதச் சம்பளத்திற் பாதிக்குச் சற்றுக் குறைவு. "ஞாயிற்றுக்கிழமை பெடியனையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வாங்கோ" என்று சொல்லி அப்போதைக்குத் தப்பிக்கொண்டேன். தப்பவேண்டிய காரணம் இருந்தது. அத்தகைய பெட்டியொன்று ஓராண்டுக்கு மேலாக என் மேசையில் இருக்கின்றது. அதனை நான் வாங்கிய கதை பெருமையுடன் சொல்லத்தக்கதன்று. ஆயினும் இன்று பல வீடுகளிற் பிள்ளைகள் இப்பெட்டியைக் கேட்கத் தொடங்கியிருப்பதால், இவ்வாரம் இப்பகுதியில் அதனையே எழுதத் துணிந்தேன்.

'டக்' என்பது ஆங்கிலப் பெயரொன்றின் மூன்று முதலெழுத்துகளைச் சேர்த்து உச்சரிப்பது. இலக்கங்களை ஒப்புமை அலையாக மாற்றும் கருவி என்பது அதன் பொருள். இக்கட்டுரையில் அதனை 'மாற்றி' என்றே சுருக்கிக்கொள்வோம்.

நாதசுவரத்தின் சீவாளியில் எழும் அதிர்வு காற்றை நெருக்கியும் தளர்த்தியும் அலையாகப் பரவுகின்றது. ஒலிவாங்கி அவ்வலையை அதே வடிவுடைய மின்னலையாக்குகின்றது. பழைய இசைத்தட்டின் வரியைப் பூதக்கண்ணாடியாற் பார்த்தால், அந்த அலையின் வளைவுகளையே அங்குங் காணலாம். ஒன்றின் வடிவம் மற்றொன்றை ஒத்திருப்பதனாலேயே இதற்கு ஒப்புமை முறை என்று பெயர். இலக்கமுறையோ வேறு. அலையின் உயரத்தைக் குறித்த கால இடைவெளிகளில் அளந்து, அளந்த எண்களை மட்டும் எழுதி வைத்துக்கொள்வது அது. 1937ஆம் ஆண்டில், பாரிசு நகரிற் பணியாற்றிய அலெக் ரீவ்ஸ் என்ற ஆங்கிலப் பொறியியலாளர், தொலைபேசிக் குரலை இவ்வாறு எண்களாக்கி அனுப்பலாம் என்று கண்டார். இசை அவர் கருத்தில் இருந்ததாகத் தெரியவில்லை. நெடுந்தூரக் கம்பிகளிற் குரலோடு சேரும் இரைச்சலை ஒழிப்பதே அவர் கவலை.

பிலிப்ஸ், சோனி ஆகிய இரு கொம்பனிகளும் சேர்ந்து வகுத்து 1982இல் விற்பனைக்கு விட்ட குறுந்தட்டில் ஒரு செக்கனுக்கு 44,100 முறை அலை அளக்கப்படுகின்றது. ஒவ்வோர் அளவும் 65,536 படிகளுள் ஒன்றாகக் குறிக்கப்படுகின்றது. இதனையே 16 பிற் என்பர். இரண்டு காதுகளுக்கும் சேர்த்துச் செக்கனுக்கு 88,200 எண்கள். இவ்வெண்களைச் செவி கேளாது. அவற்றை மீண்டும் மின்னலையாக்கி ஹெட்போனுக்குக் கொடுக்க ஒன்று வேண்டும். அவ்வேலையைச் செய்வதே மாற்றி.

இங்கு ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். எண்களாகப் பதிந்த பாட்டை ஒலிக்கச் செய்யும் எந்தக் கருவியிலும் மாற்றி ஒன்று ஏற்கெனவே இருக்கின்றது. கைத்தொலைபேசியில் இருக்கின்றது, மடிக்கணனியில் இருக்கின்றது, இன்றைய தொலைக்காட்சியிலும் இருக்கின்றது. கடைக்காரர் 'மாற்றி இல்லாமல் நல்ல இசை கேட்கமுடியாது' என்று சொல்வது உண்மைதான். ஆனால் அவர் விற்கும் மாற்றி இல்லாமல் கேட்கமுடியாது என்பது அதன் பொருளன்று. கேள்வி ஒன்றே ஒன்றுதான்: உள்ளே இருக்கும் மாற்றியில் நம் செவிக்குப் புலப்படும் குறை ஏதேனும் உண்டா?

மாணவர் பலர் என்னிடம் சொல்லும் ஓர் ஐயம் உண்டு. அளவுகளுக்கு இடைப்பட்ட பகுதி தொலைந்து போகின்றதே, இசை மாடிப்படிபோல் உடைந்து விடாதா என்பது அது. வரைபுத்தாளில் நாலைந்து புள்ளிகளை இட்டால் அவற்றினூடே எத்தனையோ வளைகோடுகளை வரையலாம் என்பது மெய்யே. ஆயின் ஒரு நிபந்தனை விதித்துப் பாருங்கள்: அளக்கும் வேகத்தின் பாதிக்கு மேற்பட்ட மீடிறனுடைய அதிர்வு எதுவும் அவ்வலையில் இருத்தல் ஆகாது. இந்நிபந்தனைக்கு உட்பட்டால், அப்புள்ளிகள் அனைத்தினூடும் செல்லக்கூடிய வளைகோடு ஒன்றே ஒன்றுதான். இடைப்பட்ட பகுதி தொலையவில்லை. புள்ளிகளே அதனை முற்றாக நிர்ணயித்து விடுகின்றன. 1928இல் நைக்குவிஸ்ற் என்பவர் தொட்டுக்காட்டிய இவ்வுண்மைக்கு 1949இல் சனன் தெளிவான நிறுவல் அளித்தார். 44,100இன் பாதி 22,050. மனிதச் செவியின் எல்லை செக்கனுக்கு 20,000 அதிர்வு என்று நூல்கள் கூறும். அதுவும் இளஞ்செவிக்கே பொருந்தும். என் மகளை வைத்துச் சோதித்தபோது அவள் 17,000 வரை கேட்டாள். நானோ 13,000க்கு மேல் எதுவும் கேட்டிலேன். "அப்பா, இப்ப கத்துது, காது வலிக்குது" என்று அவள் சொன்ன நேரத்தில் எனக்கு வீடு நிசப்தமாக இருந்தது. 22,050க்கு மேலுள்ளவற்றையும் தரும் பெட்டி என்று விளம்பரம் செய்யப்படும் பொருளை நாற்பதைக் கடந்த என்போன்றோர் வாங்குவது, குருடன் கண்ணாடி வாங்கிய கதையாகும்.

முதன்முதல் வந்த மாற்றிகள் எப்படியிருந்தன என்பதையும் பார்க்கவேண்டும். 1982 ஒக்ரோபரில் யப்பானில் விற்பனைக்கு வந்த சோனி சீ.டி.பி. 101 என்ற கருவியில் இரண்டு காதுகளுக்கும் ஒரே மாற்றிதான். அது இடக்காதுக்கு ஓர் எண்ணையும் வலக்காதுக்கு ஓர் எண்ணையும் மாறி மாறி மாற்றிக் கொடுத்தது. அதனால் ஒரு காதுக்கான ஒலி மற்றதிலும் ஒரு செக்கனின் 88,200இல் ஒரு பங்கு பிந்தியது. பிலிப்ஸ் தன் முதற் கருவிகளில் 14 பிற் மாற்றியையே வைத்தது. அளக்கும் வேகத்தைக் கணிப்பினால் நான்கு மடங்காக்கி, குறைந்த இரண்டு பிற்றையும் சாமர்த்தியமாக ஈடுசெய்தது. இக்கருவிகளைக் கேட்டு மகிழ்ந்தவர்களே உலகம் முழுவதும் இசைத்தட்டைக் கைவிட்டுக் குறுந்தட்டுக்கு மாறினார்கள். அக்காலத்தில் பெருவிலை பெற்ற அம்மாற்றியினும் திறமையானது, இன்று விரல்நகம் அளவான சில்லு ஒன்றினுள் அடங்கிச் சில்லறைக் காசுக்குக் கிடைக்கின்றது. இச்சில்லுகளைச் செய்யும் தொழிற்சாலைகள் உலகில் மிகச் சிலவே. 2020 ஒக்ரோபரில் யப்பானின் நொபெயோக்கா நகரில் அவற்றுள் ஒன்று தீப்பற்றி எரிந்தபோது, வெவ்வேறு பெயரும் வெவ்வேறு விலையும் தாங்கிய பல பெட்டிகள் ஒரே காலத்திற் சந்தையில் அருகிப்போயின. உள்ளே இருந்த சில்லு ஒரே குடும்பத்தது என்பது அப்போதுதான் பலருக்கு வெளித்தது.

இத்தனையும் அறிந்த நான் ஏன் வாங்கினேன் என்று நீங்கள் கேட்பீர்கள்.

என்னிடம் ஓர் ஒலிநாடா உண்டு. 1974ஆம் ஆண்டில் எங்கள் ஊர்க் கோயிற் பூங்காவனத் திருவிழாவன்று நடைபெற்ற மேளக்கச்சேரியை என் தந்தையார் இரவல் வாங்கிய கசற் றெக்கோடரிற் பதிவு செய்தார். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வின்போது வீட்டிலிருந்து எடுத்துச்சென்ற ஒரேயொரு பையில், காணி உறுதிகளோடும் என் பரீட்சைச் சான்றிதழ்களோடும் அந்த நாடாவும் இருந்தது. பின்னர் அதனை எண்களாக மாற்றி மடிக்கணனியிற் சேமித்து வைத்தேன். இரவில், பிள்ளைகள் படித்து முடித்துப் படுத்தபின், ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதனைக் கேட்பது என் வழக்கம். ஆனால் மடிக்கணனியின் துளையிலிருந்து வந்த ஒலியில் எப்போதும் ஓர் உறுமல் கலந்திருந்தது. சுட்டியை அசைத்தால் 'கிறீச்' என்று ஒரு சத்தம் வேறு. தவிற்காரர் வலந்தலையிற் கூடு போட்ட விரல்களால் மெல்லெனத் தட்டும் நுண்மையான இடங்களில் அவ்வுறுமலே மேலோங்கும். ஆறு மாதம் மிச்சம் பிடித்துக் கொழும்பிலிருந்து ஒரு பெட்டியை வரவழைத்தேன்.

முதலிரவு நான் அடைந்த வியப்பைச் சொல்லி முடியாது. உறுமல் மறைந்தது, 'கிறீச்' மறைந்தது. தவிலின் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியே கேட்டது. கச்சேரி தொடங்கிப் பன்னிரண்டாம் நிமிடத்தில், நாதசுவரம் மூச்சு வாங்க நின்ற ஒரு கணத்தில், ஒலிவாங்கிக்கு மிக அருகே ஓர் இருமல் கேட்டது. அஃது என் தந்தையாரின் இருமல். தொண்டையைச் செருமி, பின் இரண்டு முறை இருமுவது அவர் வழக்கம். அவர் மறைந்து அப்போது பதினொரு ஆண்டுகள். இத்தனை காலமும் கேளாத ஒன்றை இப்பெட்டி கொடுத்துவிட்டதே என்று கண்கலங்கினேன். அடுக்களையிலிருந்த மனைவியைக் கூப்பிட்டு ஹெட்போனை அவர் காதில் வைத்தேன். சிறிது நேரம் கேட்டார். "சத்தத்தைக் கூட்டி வைச்சிட்டு, நல்லாய்க் கேக்குது எண்டுறியள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் பௌதிக ஆசிரியனுக்கு அச்சொல் உறக்கத்தைக் கெடுத்தது. ஏனெனில் அவர் சொன்னது மிகச் சரியான ஆட்சேபம். இரண்டு கருவிகளுள் ஒன்று சற்று உரத்து ஒலித்தால், செவி அதனை உரப்பு என்று உணராது. தெளிவு என்றே உணரும். கடைகளில் விலை கூடிய கருவியைச் சற்று உரக்க வைத்துக் காட்டுவதன் மருமம் இதுவே. என் பெட்டி 2 உவோற்று கொடுப்பது. மடிக்கணனியின் துளை கொடுப்பது ஏறக்குறைய அதன் பாதி. அஃதாவது 6 தெசிபெல் வேறுபாடு. ஒப்பிடுவது நேர்மையாயிருக்க வேண்டுமானால் அவ்வேறுபாட்டைத் தெசிபெல்லின் பத்தில் ஒரு பங்குக்குள் கொண்டுவரவேண்டும்; உவோற்றளவிற் சொன்னால் நூற்றுக்கு ஒன்று.

அடுத்த சனிக்கிழமை பல்மானி ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டேன். 50 ஏட்சு மீடிறனுடைய ஒலியொன்றை மடிக்கணனியில் ஓடவிட்டு, ஹெட்போன் மாட்டியபடியே இரண்டு துளைகளிலும் அழுத்தத்தை அளந்து சமப்படுத்தினேன். அந்த மீடிறனைத் தேர்ந்ததற்குக் காரணம், சாதாரணப் பல்மானி வீட்டு மின்சாரத்தின் மீடிறனிலேயே நம்பத்தகுந்தவாறு அளக்கும் என்பது. பின்னர் மடிக்கணனியின் மின்னேற்றியைக் கழற்றிவிட்டு, என் கண்களைத் துவாயாற் கட்டிக்கொண்டு அமர்ந்தேன். மகள் நாணயத்தைச் சுண்டி, தலை விழுந்தாற் பெட்டியிலும் பூ விழுந்தாற் கணனியிலும் ஹெட்போனைச் செருகினாள். எது என்று நான் சொல்ல, அவள் கொப்பியிற் குறித்தாள். இவ்வாறு 20 முறை.

20க்கு 11 சரி. ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு ஊகித்திருந்தாலும் 10 சரியாகியிருக்கும்.

பிறகு மின்னேற்றியைச் செருகிவிட்டு அதே சோதனையைத் திரும்பச் செய்தோம். 20க்கு 20. உறுமல் கேட்டால் கணனி, கேளாவிட்டாற் பெட்டி. அதற்கு இசையே தேவைப்படவில்லை. என் மடிக்கணனியின் மாற்றியிற் குறையில்லை. மின்னேற்றியிலிருந்தும், திரையையும் நினைவகத்தையும் இயக்கும் சுற்றுகளிலிருந்தும் கசிந்த மின்னோட்டமே ஒலியிற் கலந்திருந்தது. மாற்றியையும் அம்பிளிபயரையும் கணனிக்கு வெளியே வேறொரு பெட்டியில் வைத்தபோது அக்கசிவு அகன்றது. எல்லாப் பெட்டிகளும் இதிலும் வெற்றி பெறுவதில்லை. சில பெட்டிகள் கணனியின் வடம் வழியாகவே அவ்வுறுமலையும் வாங்கிக்கொள்கின்றன. எப்படியாயினும், சுவரிலிருந்த செருகியை இழுத்துவிட்டுக் கேட்டிருந்தால் எனக்கு ஆறு மாத மிச்சம் எஞ்சியிருக்கும்.

அன்றிரவு மின்னேற்றியைக் கழற்றிவிட்டு, பெட்டியை விலக்கி, பழைய துளையிலேயே ஹெட்போனைச் செருகிப் பன்னிரண்டாம் நிமிடத்தைக் கேட்டேன். இருமல் அங்கேயே இருந்தது. மின்னேற்றியைச் செருகினேன். உறுமலினூடேயும் இருந்தது. அவ்விடத்தை அதற்குமுன் நூறு முறையாவது கடந்து சென்றிருப்பேன்.

இஃது என் செவியின் குறை மட்டுமன்று என்று காட்ட ஒரு பெரிய சோதனையும் உண்டு. அமெரிக்காவிற் பொசுற்றன் நகரத்து மேயர், மொறன் என்னும் இருவர் 2007இல் அதன் முடிவை வெளியிட்டனர். குறுந்தட்டினும் நுட்பமாகப் பதிவு செய்யப்பட்ட தட்டுகளின் ஒலியை ஒருமுறை அப்படியேயும், ஒருமுறை 16 பிற், 44,100 என்ற குறுந்தட்டு அளவினூடு செலுத்தியும் கேட்பித்தனர். கேட்டவர்கள் சாமானியர் அல்லர். இசைக் கருவிகளிற் பித்துக்கொண்ட சங்கத்தாரும் ஒலிப்பதிவுத் தொழிலாளரும் மாணவரும் அவர்களுள் இருந்தனர். 554 தடவைகளில் 276 தடவை சரியான விடை வந்தது. நூற்றுக்கு 50க்குச் சற்றுக் குறைவு. ஒலியளவை மிக மிக உயர்த்தி, இசையில்லாத நிசப்தப் பகுதியைக் கேட்டபோது மட்டும் இரைச்சலில் வேறுபாடு தெரிந்தது. என் தந்தையாரின் கசற்றுக்கோ நிசப்தமும் உரப்பும் 50, 60 தெசிபெல்லுக்குள் அடங்கிவிடும். 16 பிற் தருவது 96. அதற்கு 24 பிற் பெட்டி வாங்குவது ஒரு கொத்து அரிசிக்கு ஒரு களஞ்சியம் கட்டுவதை ஒக்கும்.

அப்படியானால் இப்பெட்டி எவருக்குமே வேண்டாமோ எனின், அவ்வாறும் சொல்லுதல் தகாது. கைத்தொலைபேசியில் ஹெட்போன் துளையே இல்லாதவர்களுக்கு ஏதோ ஒரு மாற்றி வேண்டும். 2016இல் அப்பிள் கொம்பனி ஐபோன் 7இல் அத்துளையை நீக்கியபின் ஏனையோரும் மெல்ல மெல்ல அவ்வழியே சென்றனர். இதற்கென விற்கும் குட்டை வடத்தின் முனையினுள்ளேயே மாற்றி ஒன்று ஒளிந்திருக்கின்றது. மிக மலிவாக விற்கும் சில வடங்களுக்குள் மாற்றி இல்லை. அவை வெறுங் கம்பி. போனே ஒப்புமை அலையை வெளியிட்டால் மட்டும் அவை வேலை செய்யும்; இல்லையேல் ஊமை. வாங்கும்போது 'உள்ளே டக் இருக்கிறதா' என்று கேட்டு வாங்குவது நலம்.

மற்றொரு சாரார், பெருந்தடை ஹெட்போன் வைத்திருப்போர். 1997இல் வந்து இன்றும் பலர் போற்றும் சென்ஹைசர் எச்.டி. 600இன் தடை 300 ஓம். அதற்கு 1 உவோற்று கொடுத்தால் 97 தெசிபெல் ஒலி எழும். சில குட்டை வடங்கள் அரை உவோற்றுடன் நின்றுவிடும்; மெல்லப் பதிந்த இசையை அதிற் கேட்டாற் போதாமை தெரியும். ஆனால் அங்கு வேண்டியது மாற்றியன்று, நம் பாடநூல்கள் விரியலாக்கி என்று கூறும் அம்பிளிபயர். ஒரே பெட்டிக்குள் இரண்டையும் அடைத்து 'டக்' என்று ஒரு பெயரால் விற்பதனாலேயே, அம்பிளிபயரின் புகழ் முழுவதும் மாற்றிக்குச் சேர்ந்துவிடுகின்றது. இன்னொன்று: அம்பிளிபயரின் வெளியீட்டுத் தடை ஹெட்போனின் தடையில் எட்டில் ஒன்றுக்கு மேற்படாதிருத்தல் நன்று. மேற்பட்டாற் சில ஹெட்போன்களிற் கீழ்ச்சுருதி ஒலிகள் ஊதிப் பெருக்கும். பெட்டியோடு வரும் தாளில் இவ்வெண் பெரும்பாலும் இருக்கும்; 'ஹை ரெசலூசன்' என்று பொன்னெழுத்திற் போட்டிருப்பதைக் காட்டிலும் அதனைத் தேடிப் படியுங்கள்.

வடமில்லாத புளூரூத் ஹெட்போன் வைத்திருப்போர் மேற்கூறிய எதனையும் பொருட்படுத்த வேண்டியதில்லை. எண்கள் காற்றினூடே ஹெட்போனுக்குட் சென்று, அங்குள்ள மாற்றியினாலேயே அலையாகின்றன. மேசையில் எத்தனை விலையுள்ள பெட்டியை வைத்தாலும் அது வெறும் அலங்காரம்.

பணம் இருந்தால் முதலில் ஹெட்போனில் இடுக. ஒரு ஹெட்போனுக்கும் மற்றொன்றுக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்ணைக் கட்டாமலும் பல்மானி பிடிக்காமலும் எவரும் உணர்வர். 1968இல் சென்ஹைசர் எச்.டி. 414இலிருந்து பரவிய, பின்புறம் திறந்த வகையைக் குடும்பஸ்தர்களுக்கு நான் சிபாரிசு செய்வேன். இசையும் விரிந்து கேட்கும். "சாப்பிட வாங்கோ" என்று கூப்பிடுவதும் கேட்கும். பக்கத்திற் படிக்கும் பிள்ளைக்கு நம் பாட்டுக் கசியும் என்பது அதன் குறை. பழைய ஹெட்போனின் காது மெத்தை கிழிந்திருந்தால், புது மெத்தை போடுவதே பெரிய முன்னேற்றமாய் முடியும்.

பெற்றோர் கேட்கவேண்டிய கேள்வி இன்னொன்று உண்டு. அதனைக் கேட்பவர் அரிது. வலிய அம்பிளிபயரும் நல்ல ஹெட்போனும் சேர்ந்தால், உரக்க ஒலித்தாலும் இரைச்சலாகத் தோன்றாது. பழைய மலிவுக் கருவிகள் உரத்துக் கத்தும்போது ஒலி சிதறிக் காதை உறுத்தும். பிள்ளை தானே குறைத்துவிடும். புதியது சிதறாது, எனவே கை குறைக்காது. உலகச் சுகாதார நிறுவனம் வளர்ந்தோருக்கு 80 தெசிபெல்லில் வாரத்துக்கு 40 மணித்தியாலம் என்று எல்லை வகுத்துள்ளது. சிறுவருக்கு அதே நேரம் 75 தெசிபெல். ஒவ்வொரு 3 தெசிபெல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 89இல் வாரம் முழுவதற்கும் 5 மணித்தியாலந்தான். பேருந்தின் இரைச்சலை மூடப் பாட்டை உயர்த்தும் மாணவன் அதனை இரண்டு, மூன்று நாட்களில் முடித்துவிடுவான். அவனுக்கு மாற்றி உதவாது. காதை நன்றாக மூடும் ஹெட்போன் உதவும்; ஏனெனில் வெளி இரைச்சல் குறைந்தாற் பாட்டையும் குறைக்கலாம். அழிந்த உட்செவி மயிர்க்கலங்கள் மீண்டும் முளைப்பதில்லை. என்னுடைய 13,000 அதிர்வு எல்லையில் வயது எவ்வளவு, இளமையிற் திருவிழா ஒலிபெருக்கிகளின் அருகே நின்றது எவ்வளவு என்று எனக்கு இன்றும் பிரித்துச் சொல்லத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை தகப்பனும் மகனும் வந்தார்கள். பெடியன் உயர்தர வகுப்பு மாணவன்; விடயங்களை நன்கு படித்துவிட்டே வந்திருந்தான். கனடாவிலிருந்து மாமன் அனுப்பிய நல்ல வட ஹெட்போன் ஒன்றும், துளையில்லாத கைத்தொலைபேசியும், சந்தையில் வாங்கிய மலிவுக் குட்டை வடமும் கொண்டுவந்தான். அவ்வடத்தைத் தொட்டாற் பொரிந்தது, தொடாவிட்டாலும் பொரிந்தது. என் பெட்டியிற் செருகியதும் வேறுபாடு தகப்பனுக்கே தெரிந்தது. "இது வேறைதான், மாஸ்ரர்" என்று அவர் கவலையோடு ஒப்புக்கொண்டார்.

பிறகு என் மகளின் குட்டை வடத்தை எடுத்தேன். உள்ளே மாற்றியுள்ள நல்ல வகை. அவன் கேட்ட பெட்டியின் விலையில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. பல்மானி, துவாய், நாணயம் எல்லாம் மீண்டும் வெளியே வந்தன. பெடியனுக்கு 20க்கு 12. அவன் முகம் வாடியது. ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. "சேர், இப்பிடி அரை நிமிசம் அரை நிமிசமாய் மாத்தி மாத்திக் கேட்டால் ஒண்டும் பிடிபடாது. ரெண்டு கிழமை ஆறுதலாய்க் கேட்டுப் பழகினால்தான் வித்தியாசம் தெரியும்" என்றான்.

குறுகிய நேர ஒப்பீட்டிலேதான் செவியின் நினைவு கூர்மையாயிருக்கும் என்பது என் படிப்பு. எனினும் அவன் கேட்டது நியாயமான சோதனையே. செய்து பாராமல் மறுப்பதற்கு நான் யார்? பெட்டியை ஒரு துணிப்பையிற் போட்டு அவனிடமே கொடுத்தேன். இரண்டு கிழமை கேட்டுவிட்டுக் கொண்டுவரவேண்டும்; கொண்டுவரும் நாளில் மறுபடியும் கண்ணைக் கட்டி 20 முறை. தகப்பன் பையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டு கிழமை சென்ற ஞாயிறோடு முடிந்துவிட்டது. பெட்டி இன்னும் வரவில்லை. நேற்றுக் கோயிலிற் கண்டபோது, "பெடியன் படிப்பாய் இருக்கிறான், மாஸ்ரர்" என்றார் தகப்பன். வீட்டில் மகள், "அப்பா, அந்தப் பெட்டி எங்கை?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.